துஷ்டி வீட்டுக் காப்பி

போன மாதம் ஒரு துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தேன். சாவு வீட்டை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்சுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கணவனைப் பறிகொடுத்த பெண் கூடத்தில் அழுதுகொண்டிருந்தாள். அடுக்களையில் அவளுடைய சித்தி ஒரு மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கிக் காப்பியில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். என்ன மாத்திரை என்று கேட்டேன். தூக்க மாத்திரைதான், பிள்ளை கொஞ்ச நேரம் கண்ணை மூடட்டும் என்றாள். வேண்டாம் என்று சொன்னேன், ஏன் வேண்டாம் என்றும் சொன்னேன். சிரித்தாள். ரிட்டயர் ஆன நர்சைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிற சிரிப்பு அது. நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுவதற்குள் காப்பி உள்ளே போய்விட்டது.

ஆகவே இதை எழுதினால் ஏதோ மாறிவிடும் என்று நம்பி எழுதவில்லை. புதிதாக வந்திருக்கும் நர்சுகளுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி விடாமல் நச்சரித்தாள். ஊசி போடவும் ட்ரிப் ஏற்றவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நல்லது நடந்த கதைகளை மேடையில் பேசுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது வேறு மாதிரி. பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நான் வேலை பார்த்தது தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்பது இங்கே முக்கியமில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பிவிடும். அருவியில் வழுக்கி விழுந்தவர்கள், குடித்துவிட்டு விழுந்தவர்கள், குடித்தவர்களைத் தூக்கப் போய் விழுந்தவர்கள். அப்படி ஒரு சீசனில் இடுப்பு ஒடிந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பாறை வழுக்கியது என்றார்கள் கூட வந்தவர்கள். எனக்கு மூத்த ஒரு நர்ஸ் அவருடைய கண்ணையும் பேச்சையும் கவனித்துவிட்டு, முந்தின ராத்திரி தூங்க என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். லாட்ஜில் கொசுக்கடி, தூக்கம் வரவில்லை. மனைவியின் தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அதற்கு முன்னால் கொஞ்சம் குடித்தும் இருந்தார். கூட்டம் வருவதற்கு முன் குளித்துவிடலாம் என்று விடியற்காலையில் அவரை எழுப்பி அழைத்துப்போயிருக்கிறார்கள். மனிதர் நடந்திருக்கிறார், பேசியிருக்கிறார், துண்டை எடுத்துத் தோளில் போட்டிருக்கிறார். உள்ளே பாதித் தூக்கம். பாறை அன்றைக்குப் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை.

அன்றைக்கு அந்த மூத்தவர் சொன்னதை மட்டும் நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். தூக்க மாத்திரை போட்டவர் படுத்துத்தான் கிடப்பார் என்று நினைக்காதே, எழுந்து நடமாடுவார், பதில் சொல்வார், நாமும் நம்பிவிடுவோம் என்றார். அதில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது சண்முகத்தாயைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சண்முகத்தாய்க்கு ஊர் குத்துக்கல்வலசை. கணவர் முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள். மூத்தவன் போலீசில் இருந்தான், சேலம் பக்கம் வேலை. இளையவன் துபாயில். மூத்தவன் பைக்கில் போகும்போது விபத்தில் இறந்துபோனான். செய்தி சாயங்காலம் வந்தது. மறுநாள் காலையில் ஆம்புலன்சில் உடலைக் கொண்டுவந்தார்கள். அன்று நடுப்பகலுக்கு மேல் சண்முகத்தாயை ஒரு காரின் பின்சீட்டில் படுக்கவைத்து எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

அவர் விட்ட குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை. மூச்சு ஒவ்வொரு முறையும் எங்கோ சிக்கி, நின்று, இழுத்துக்கொண்டு வந்தது. கிள்ளினால் முகம் சுளித்தார், கண் திறக்கவில்லை. அவருக்கு ஆஸ்துமா வேறு உண்டு என்று தங்கை சொன்னாள். கூட வந்தவர்கள் மூன்று பெண்கள்: ராயகிரியில் கட்டிக்கொடுத்திருந்த அந்தத் தங்கை, வாசுதேவநல்லூரிலிருந்து வந்த நாத்தனார், பக்கத்து வீட்டிலேயே இருக்கும் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அழுது அழுது களைத்துவிட்டாள், ராத்திரி பூராவும் சாப்பாடு இல்லை, காப்பி மட்டும்தான் குடித்தாள்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமானவர். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. தலைக்குள் ரத்தக்கசிவு ஏதும் இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். திருநெல்வேலிக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுக்கவேண்டும். ஆனால் இப்படி மூச்சு விடுகிறவரை அவ்வளவு தூரம் வண்டியில் அனுப்புவதும் ஆபத்து. மாத்திரை ஏதாவது உள்ளே போயிருந்தால் இங்கேயே வைத்து மூச்சைக் காப்பாற்றிவிடலாம். எதுவென்று தெரியவேண்டும், சீக்கிரம் தெரியவேண்டும். என்னைப் பார்த்தார். நான் வெளியே பெஞ்சுக்குப் போனேன்.

யார் என்ன கொடுத்தீர்கள் என்று நேராகக் கேட்டேன். நாத்தனார் கோபப்பட்டார். நாங்கள் என்ன விஷமா கொடுத்தோம் என்று கேட்டார். அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அவர்கள் பயந்தது சண்முகத்தாய்க்காக மட்டும் இல்லை. மாத்திரை என்ற வார்த்தை வந்தால் போலீஸ் வரும், மகன் செத்த துக்கத்தில் தாய் மருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஊர் பேசும். மகன் வேறு போலீஸ்காரன். அவன் சாவோடு சேர்த்து இதுவும் பேச்சாகும். அந்தப் பயத்தில், சண்முகத்தாய் செத்தாலும் சரி, அவர்கள் வாயிலிருந்து வார்த்தை வராது என்று தோன்றியது.

பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். "யார் கொடுத்தது" என்பது போலீஸ் கேட்கிற கேள்வி. அதை நாம் கேட்டால் போலீசுக்குச் சொல்கிற பதிலைத்தான் நமக்கும் சொல்வார்கள். நான் அந்தப் பெஞ்சில் அவர்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உட்கார்ந்தேன். எனக்கே சரியாகத் தூக்கம் பிடிப்பதில்லை, இந்த வயசில் நமக்கெல்லாம் தூக்கம் எங்கே வருகிறது என்று ஆரம்பித்தேன். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று தங்கையைக் கேட்டேன்.

அவ்வளவுதான். தூக்கமில்லாத பெண்களுக்குப் பேச ஆள் கிடைப்பது அரிது. கர்ப்பப்பை எடுத்ததிலிருந்து தனக்குக் கண்ணே மூடுவதில்லை, ராஜபாளையத்து டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒன்று இருக்கிறது என்று தங்கை சொன்னாள். பெயர் தெரியுமா என்றேன். பர்சைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நாத்தனார் தன்னுடையது அதைவிட நல்ல மாத்திரை என்று தன் பையைத் திறந்தார். ஓரகத்தி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். பாதி தீர்ந்த அட்டை ஒன்று அதற்குள் இருந்தது.

மூன்று அட்டைகளும் என் உள்ளங்கையில் இருந்தன. மூவரும் அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனார்தான் கேட்டார், சத்தமே இல்லாமல்.

"ஏட்டி, நீயும் குடுத்தியா?"

செய்தி வந்த ராத்திரியில் தங்கை பாலில் கொடுத்திருக்கிறாள். தங்கை கொடுத்தது தெரியாமல், உடலோடு வண்டி வந்ததும் மதினி தாங்கவேண்டுமே என்று நாத்தனார் விடியலில் காப்பியில் கொடுத்திருக்கிறார். இரண்டும் தெரியாமல், சடங்கெல்லாம் முடிந்ததும் ஓரகத்தி கொடுத்திருக்கிறாள். ஒன்று போதாதென்று இன்னொன்றும். ஒருத்திக்குக்கூடக் கெட்ட எண்ணம் கிடையாது. அவரவர் பையில் இருந்ததிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். துஷ்டி வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கொடுப்பது நம் வழக்கம். அதே கையால் இதையும் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்த சிகிச்சை உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். டாக்டர் திருநெல்வேலிக்கு அனுப்பவில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மாத்திரைகளை யார் யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று உள்ளது உள்ளபடி எழுதி, போலீசுக்கும் அப்படியே சொல்லி, அந்தப் பெண்களின் பயத்தை அவரே தீர்த்தும் வைத்தார். சண்முகத்தாய் பிழைத்துக்கொள்வார் என்பது சாயங்காலம் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் சண்முகத்தாயின் கொழுந்தனார் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். மதினிக்கு இப்படி ஆனதால் நிறுத்திவைத்திருந்த உடலை இருட்டுவதற்குள் எடுக்கவேண்டும், தூரத்திலிருந்து வந்த சொந்தங்கள் திரும்பவேண்டும் என்றார். தாய் கண் விழிக்கட்டும், காலை வரை பொறுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"மதினி அவன் மூஞ்சியப் பாத்தாச்சு சிஸ்டர். குளிப்பாட்டுததுக்குத் தண்ணி ஊத்துனாவ, வாய்க்கரிசி போட்டாவ. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, அப்படித் தைரியமா நின்னாவ. இனி எழுப்பிக் கொண்டாந்து என்ன செய்யப்போறோம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கடைசியாகப் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டார், செய்யவேண்டியதைச் செய்துவிட்டார். அந்த வீட்டில் அன்று எல்லோரும் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம், பெற்ற மகனுக்கு எவ்வளவு திடமாக நின்று எல்லாம் செய்தாள் என்று. உடலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சண்முகத்தாய் கண் திறந்தார். நான் ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தங்கை கட்டிலருகில் நின்றாள். சண்முகத்தாய் சுற்றிலும் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை. தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டி வந்துட்டா?"

தங்கைக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு இன்னும் ஆம்புலன்ஸ் வரவில்லை. செய்தி வந்த சாயங்காலம் நினைவில் இருக்கிறது, தங்கை பால் கொடுத்தது இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. இந்த வகை மாத்திரைகள் அதைச் செய்யும். ஆள் நடப்பார், பேசுவார், சொன்னதைச் செய்வார். உள்ளே ஒன்றும் பதியாது. நாம் மறந்தால் என்றைக்காவது நினைவு வரலாம். இது மறதி இல்லை, பதியவே இல்லை. எதைத் தேடினாலும் வராது.

நீதான் பார்த்தாயே அக்கா, வாய்க்கரிசி போட்டாயே என்று தங்கை சொன்னாள். சண்முகத்தாய் நம்பவில்லை. என்னைப் பார்க்க விடாமல் மயக்கிப் போட்டுவிட்டு எடுத்துவிட்டீர்கள் என்றார். முதலில் மெதுவாகச் சொன்னார், பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். தங்கை சத்தியம் செய்தாள். நாத்தனார் வந்து அவரும் சத்தியம் செய்தார். சத்தியத்தை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வார்?

துபாயில் இருந்த இளையவனால் வர முடியவில்லை. அவனுக்கு அனுப்புவதற்காக யாரோ சடங்குகளைப் போனில் வீடியோப் படம் எடுத்திருந்தார்கள். தங்கை தன் போனில் அதைத் தேடி எடுத்து நீட்டினாள். காட்ட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். காட்டுவது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். கூட்டத்தின் நடுவில் சண்முகத்தாய் நிற்கிறார். இரண்டு பேர் தோளைப் பிடித்திருக்கிறார்கள். குனிந்து மகனின் வாயில் அரிசியைப் போடுகிறார், கன்னத்தைத் தடவுகிறார். கொடுத்த வேலையைச் செய்து முடித்த ஆள் மாதிரி நிமிர்ந்து நகர்கிறார். சுற்றியிருக்கிற பெண்கள் எல்லாம் கதறுகிறார்கள்.

சண்முகத்தாய் கடைசிவரை பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு விரலால் திரையில் தன்னையே தொட்டுக் காட்டித் தங்கையிடம் கேட்டார்.

"இவ ஏன் அழாம நிக்கா?"

அப்புறம் அவர் அழ ஆரம்பித்தார். முந்தின நாள் வீட்டில் அத்தனை சொந்தங்களுக்கு நடுவில் அழவேண்டிய அழுகையை, முன்பின் தெரியாத நோயாளிகளுக்கு நடுவில், போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதார். மகன் எரிந்து முடிந்திருந்தான். அந்தச் சத்தம் தாங்காமல் நாத்தனார் என்னைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். அரை மாத்திரையாவது கொடுங்கள் சிஸ்டர், மதினி இப்படிக் கத்துவதைப் பார்க்க முடியவில்லை என்றார். அத்தனையையும் பார்த்த பிறகும் கேட்டார். நான் திட்டிவிட்டேன். நோயாளிகளின் சொந்தக்காரர்களை அப்படித் திட்டக்கூடாது, தெரியும்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய நியாயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு டாக்டர் எழுதிய தூக்க மாத்திரை அந்த ஒருவருக்குத்தான். அளவை, அவருடைய மூச்சை, அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளைப் பார்த்து எழுதியது அது. பர்சில் இருந்து பர்சுக்கு மாறினால் அது மருந்து இல்லை. குடிப்பழக்கம், ஆஸ்துமா, பெரிய குறட்டை, முதுமை, இதில் ஏதாவது இருந்தால் இன்னும் பயப்படவேண்டும். துக்கம் வந்தவர் தூங்காமல் இருப்பது நோய் இல்லை. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் போதும். தாங்கவே முடியாத நிலை என்றால் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். அவர் கொடுத்தால் ஒருவர் கையால் மட்டும் கொடுங்கள். இதையெல்லாம் நான் வார்டிலும் சொன்னேன், கல்யாண வீட்டிலும் சொன்னேன், பஸ்சிலும் சொன்னேன். போன மாதத்துக் காப்பியை முதலிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னாலும் அப்படித்தான் சிரிப்பார்கள். ஆனாலும் சொல்லுங்கள். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பல மாதங்கள் கழித்து சண்முகத்தாய் என்னைத் தேடி வந்தார். தனியாக வந்தார். வெளிநோயாளிகள் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்று, நான் வெளியே வரும்வரை காத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். இப்போது ராத்திரி மாத்திரை இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்றார். யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. முதலில் தங்கையின் அட்டை, பிறகு தெரிந்த மருந்துக்கடை, இதெல்லாம் நமக்குத் தெரிந்த வழிதானே. திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம், டாக்டரிடம் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். தலையை ஆட்டினார். அதற்காக அவர் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மறக்கதுக்கு மாத்திர இருக்குல்லா சிஸ்டர். அன்னைக்குள்ளத ஞாவகத்துக்குக் கொண்டுவர ஒண்ணும் இல்லையா?"

இல்லை என்றேன்.

"ஊசி?"

ஊசியும் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. அந்தப் படத்தைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னார். அதில் வருகிற பெண் மகனின் கன்னத்தைத் தடவுவதைப் பார்த்துப் பார்த்து, அந்த இடம் மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது என்றார். பிறகு தன் வலது கையை என் முன்னால் விரித்துக் காட்டி, ஒரு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஐஸ் பெட்டில வச்சுத்தான கொண்டாந்தாவ. தொட்டப்போ சில்லுன்னுதான் இருந்திருக்கும், என்ன?"

"ஆமாம்மா, இருந்திருக்கும்" என்றேன்.